பிள்ளை பகா எண்கள்

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் 1941 வரை பணியாற்றிய கணித அறிஞர் எஸ். எஸ். பிள்ளையின் பெயரில் ஒருவகைப் பகா எண்கள் உண்டு. சில உதாரணங்கள் பொருந்தியதுமே விதி கிடைத்துவிட்டதாக நம்பக்கூடாது என்பதற்கு இவற்றைவிட நல்ல சான்று இல்லை. 1 முதல் 5 வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 121. அதை வகுக்கும் பகா எண் 11. அதில் ஒன்றைக் கழித்தால் 10; ஐந்தால் மீதியின்றி வகுபடுகிறது. 6 வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 721. அதன் பகாக் காரணிகள் 7, 103. ஒன்று குறைத்த 6, 102 இரண்டுமே ஆறால் வகுபடும். எவ்வளவு அழகான ஒழுங்கு! ஏழிலும் பிசகவில்லை. எப்போதும் இப்படித்தானா என்பதே பிள்ளை எழுப்பிய கேள்வி.

இல்லை. எட்டிலேயே உடைகிறது: 40321-ஐ 61 வகுக்கிறது, ஆனால் 60 எட்டால் வகுபடாது. இப்படி மீறும் பகா எண்களே பிள்ளை பகா எண்கள். அவற்றுள் மிகச் சிறியது 23. அது 14 வரையிலான பெருக்கலில் பிடிபடுகிறது. விதிவிலக்குகள் நாலைந்துதானே, பெரிய எண்களில் ஒழுங்கு திரும்பிவிடாதா என்று கேட்கலாம். கணினி எத்தனை கோடி எண்களைச் சோதித்தாலும் இதற்குப் பதில் கிடைக்காது, நிறுவல்தான் வேண்டும். அதை 2002-இல் ஜி. இ. ஹார்டியும் எம். வி. சுப்பாராவும் தந்தார்கள். எவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னாலும், அதைவிடப் பெரிய பிள்ளை பகா எண் ஒன்று நிச்சயம் இருக்கிறது.