பத்து வாட் போதும்

புனேயின் கிடார் இளைஞர்கள் கடையில் முதலில் பார்ப்பது வாட் எண்ணை. பார்க்க வேண்டியது ஸ்பீக்கரையும், தங்கியிருக்கும் அறையையும், சுவரில் உள்ள பிளக்கையும்.

புனேயின் திறந்தவெளி மேடைகளில் இரவு பத்து மணி அடித்தால் கிடார் ஓய்ந்துவிட வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை போட்ட மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தன. பீம்சேன் ஜோஷி தன் குருவின் நினைவாக 1953-ல் தொடங்கிய சவாய் கந்தர்வ விழாவில் ஒரு காலத்தில் விடிய விடியக் கச்சேரி நடந்தது. அந்த விழாவே இந்த விதிக்குப் பிறகு கடிகாரத்தைப் பார்த்து முடித்துக்கொள்ளப் பழகியது. 2010 டிசம்பரில் கோரேகாவ் பார்க்கில் என்.எச்.7 வீக்கெண்டர் விழா முதன்முதலாக நடந்து, புனேயை நாட்டின் ராக் வரைபடத்தில் அழுத்தமாகக் குறித்தது. அதற்கும் பத்து மணிதான் எல்லை.

ஆனால் அந்த மேடைக்கு ஆசைப்படும் இளைஞனின் தகராறு மாலை ஏழு மணிக்கே தொடங்கிவிடுகிறது. தகராறு செய்பவர் பக்கத்து பிளாட்காரர்.

கோத்ரூடிலும் கர்வே நகரிலும் விமான் நகரிலும் மூன்று நான்கு பேர் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கும் கல்லூரி மாணவர்கள் உண்டு. ஹிஞ்சவடியில் சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து முதல் சம்பளத்தில் கிடார் வாங்குகிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் இதில் அடக்கம். கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதி கிடாருக்கே போய்விடும். மிச்சத்தில் ஆம்ப்ளிஃபயர். கடையில் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை வாட்?" என்பதுதான். கத்தரிக்காயை எடை போட்டு வாங்குவது போல, வாட் கூடினால் சரக்கும் கூடும் என்று நினைப்பு.

இந்த நினைப்புதான் பணத்தை விழுங்குகிறது. பத்து வாட் ஆம்பை விட நூறு வாட் ஆம்ப் பத்து மடங்கு சத்தமாக இருக்காது. மின்சக்தி பத்து மடங்கானால் ஒலி ஏறுவது 10 டெசிபல். மனிதக் காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத்தான் படும். சக்தியை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல். கவனித்துக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். இருபது வாட்டுக்குப் பதில் நாற்பது வாட் கொடுத்து, அதற்கு இரண்டு மடங்கு விலையையும் வாங்கிக்கொள்ளும் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. உண்மையில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு கணக்கும் உண்டு. கிடாருக்கென்றே செய்த நல்ல 12 அங்குல ஸ்பீக்கர், ஒரே ஒரு வாட்டை வாங்கிக்கொண்டு ஒரு மீட்டர் தூரத்தில் 97 முதல் 100 டெசிபல் வரை முழங்கும். குடியிருப்புப் பகுதிகளில் சட்டம் அனுமதிப்பது பகலில் 55, இரவில் 45 டெசிபல். நடுவில் சுவர் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் புனே அடுக்குமாடிகளின் சுவர்களைப் பற்றி அங்கே குடியிருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஆக, வீட்டில் வாசிக்கிறவர் ஒரு வாட்டைக் கூட முழுதாகச் செலவழிக்கப் போவதில்லை. நூறு வாட் ஆம்பை வாங்கி, திருகை 'ஒன்று' என்ற கோட்டுக்குக் கீழேயே வைத்திருப்பவர் எஞ்சிய தொண்ணூற்றொன்பது வாட்டுக்கு வாடகை கட்டுகிறார்.

அப்படியானால் எதற்குக் காசு கொடுப்பது? முதலில் ஸ்பீக்கருக்கு. தேடி வாங்கும் அளவுக்குப் பேர் பெற்ற சின்ன ஆம்ப்களில் ஃபெண்டர் ஃபிரண்ட்மேன் 10ஜி-க்கு 6 அங்குல ஸ்பீக்கர். மார்ஷல் எம்.ஜி.10-க்கும் வாக்ஸ் பாத்ஃபைண்டர் 10-க்கும் ஆறரை அங்குலம். மூன்றுமே 10 வாட். கடைக்குக் கடை விலை மாறினாலும் பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்று முன்னே பின்னே நிற்கும். ஆரஞ்சு கிரஷ் 20-க்கு 8 அங்குலம். இந்த இரண்டு அங்குலம் காதுக்கு உடனே தெரியும்: கிடாரின் தடித்த கம்பி அதிரும் 82 ஹெர்ட்ஸை ஆறு அங்குலக் காகிதக் கூம்பு முணுமுணுக்கத்தான் முடியும், எட்டு அங்குலம் ஓரளவு சொல்லிவிடும். பணம் குறைவு, இடமும் குறைவு என்பவர்களுக்கு பாஸ் கட்டானா மினி இருக்கிறது. 7 வாட், 4 அங்குல ஸ்பீக்கர், ஆறு பென்சில் பேட்டரியிலும் ஓடும். மின்வெட்டு நேரத்தில் கூட வாசிக்கலாம்.

ஆம்பே எதற்கு, வீட்டு ஸ்டீரியோவிலோ கல்யாண வீட்டு மைக் செட்டிலோ செருகினால் ஆகாதா என்ற கேள்வி எல்லா ஊரிலும் உண்டு. செருகலாம். ஆனால் கரகரப்பைக் கூட்டியதும் தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்கியது மாதிரி கேட்கும். காரணம் எளிது. கிடார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள கீச்சொலியைத் தானாகவே விழுங்கிவிடும். மைக் செட் ஸ்பீக்கரின் வேலையோ எதையும் விழுங்காமல் அப்படியே கொடுப்பது. கிடாரின் காந்தச் சுருளுக்கு ஏற்ற உள்வாயும் மைக் செட்டில் இருக்காது; சுருதி இருந்தும் ஒலியில் உயிர் இருக்காது. ராக் கிடாரின் குணத்தில் பாதி ஆம்புக்குள்தான் இருக்கிறது.

வால்வா, டிரான்சிஸ்டரா என்பது பழைய சண்டை. முதல் ஆம்ப் வாங்குகிறவர் அதில் இறங்க வேண்டியதில்லை. வால்வு ஆம்பின் இனிமை அதை உரக்க வைத்து அழுத்தும்போதுதான் முழுதாக வெளிப்படும். கோத்ரூடில் அதற்கு வாய்ப்பு இல்லை. கனம் அதிகம், விலை அதிகம், வால்வு தேய்ந்தால் மாற்றவும் வேண்டும். யமஹாவின் டி.எச்.ஆர். வரிசை 2011-ல் வந்த பிறகு, வால்வின் ஒலியை மென்பொருளால் பாவனை செய்யும் மேஜை ஆம்ப்கள் பெருகிவிட்டன. தாழ்ந்த சத்தத்திலும் இவை நன்றாகப் பேசும். ஒரே குறை: ஐம்பது விதமான ஒலி கிடைத்ததும் பலர் வாசிப்பதை விட்டுவிட்டு பொத்தான் அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, மேடை? கோரேகாவ் பார்க்கின் ஹை ஸ்பிரிட்ஸ் போன்ற இடங்கள் புதிய இசைக்குழுக்களுக்குப் பல ஆண்டுகள் மேடை கொடுத்தன. இவை போன்ற சிறு மேடைகளில் ஒலி அமைப்பு அந்த இடத்துக்கே சொந்தம். கிடார்காரர் கொண்டுவரும் ஆம்ப் கூட்டத்துக்குக் கேட்க வேண்டிய அவசியமில்லை. வாசிக்கிறவருக்கும் டிரம்ஸ்காரருக்கும் கேட்டால் போதும். ஆம்பின் வலைக்கு முன்னால் ஒரு மைக்கை வைத்தால் மற்றதை மைக் செட் பார்த்துக்கொள்ளும். ஷ்யூர் நிறுவனம் 1965-ல் கொண்டுவந்த எஸ்.எம்.57 மைக் உலகம் முழுக்க இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. மைக் இல்லாவிட்டால் ஆம்பின் ஹெட்போன் துளையிலிருந்தோ லைன் அவுட் துளையிலிருந்தோ ஒரு கேபிளை மிக்சருக்கு இழுக்கலாம். ஆகவே வாங்கும்போது அந்தத் துளை இருக்கிறதா என்று பார்ப்பது வாட் எண்ணைப் பார்ப்பதை விட முக்கியம். இரவு பதினோரு மணிக்கு ஹெட்போன் மாட்டி வாசிக்கவும் அதே துளைதான்.

டிரம்ஸோடு நேருக்கு நேர் மோத வேண்டும், மைக் கிடைக்காத கல்லூரி அரங்குகளிலும் வாசிக்க வேண்டும் என்பவருக்கு 12 அங்குல ஸ்பீக்கரும் ஐம்பது வாட்டும் வேண்டும். பாஸ் கட்டானா 50 அந்த ரகம். அரை வாட், 25 வாட், 50 வாட் என்று சக்தியைக் குறைத்துக்கொள்ளவும் அதில் வசதி உண்டு. விலை இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டிவிடும். மாதம் ஒரு கச்சேரியாவது கையில் இருக்கிறவர் யோசிக்கலாம். கச்சேரியே இன்னும் வராதவர், வரும் வரை பொறுக்கலாம்.

இவையெல்லாம் பணத்தைப் பற்றியவை. உயிரைப் பற்றியும் ஒன்று இருக்கிறது. கடையில் அதை யாரும் பேசுவதில்லை.

மின்சார கிடாரின் கம்பிகள், கேபிளின் உறை வழியாக ஆம்பின் உலோகச் சட்டத்தோடு இணைந்தவை. ஆம்பின் சட்டம் மூன்று முள் பிளக்கின் பெரிய முள் வழியாக எர்த்தில் சேர வேண்டும். பழைய வீடுகளில் அந்தத் துளைக்குப் பின்னால் ஒயரே இருப்பதில்லை. இரண்டு முள் துளைக்குள் நுழைக்க அந்த முள்ளையே வெட்டிவிடும் புத்திசாலிகளும் உண்டு. ஆம்புக்குள் கசிவு ஏற்பட்டால் 230 வோல்ட் கிடார் கம்பி வரை வந்து நிற்கும். மைக் செட்டோடு சேர்ந்த மைக்கின் உலோக வலை எர்த்தில் இருக்கும். கம்பியில் கை, மைக்கில் உதடு. நடுவில் உடம்புதான் பாலம்.

இது கற்பனைப் பயம் அல்ல. ஸ்காட்லாந்தின் 'ஸ்டோன் த குரோஸ்' குழுவின் கிடார் கலைஞர் லெஸ்லி ஹார்வி 1972 மே 3 அன்று வேல்ஸில் உள்ள ஸ்வான்ஸி நகர மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். வயது 27. 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் 1976-ல் தன் வீட்டிலேயே கிடார் வாசிக்கும்போது மின்சாரம் பாய்ந்து இறந்தார். புகழும் பெரிய ஆம்பும் அவர்களைக் காப்பாற்றவில்லை.

புத்வார் பேட்டையின் தப்கீர் கல்லி புனேயின் மின்சாமான் சந்தை. ஒரு லைன் டெஸ்டரும் நல்ல மூன்று முள் எக்ஸ்டென்ஷனும் அங்கே சில நூறு ரூபாய்க்குள் முடியும். ஆம்பைப் போட்டதும் கிடார் கம்பியில் டெஸ்டரை வைத்துப் பார்க்க வேண்டும். விளக்கு மினுக்கினால் வாசிப்பதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. கம்பியைத் தொடும்போது ஆம்பின் உறுமல் குறைந்தால் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். எர்த் இல்லாத ஆம்பிலும் அப்படி நடக்கும்.

பழைய ஆம்ப் வாங்குவது லாபம்தான். படிப்பு முடிந்து ஊருக்கோ வெளிநாட்டுக்கோ கிளம்பும் மாணவர்கள் மே, ஜூன் மாதங்களில் விற்றுவிட்டுப் போவார்கள். எதையும் செருகாமல் முதலில் ஆம்பைப் போட்டுக் கேட்க வேண்டும். திருகைத் திருப்பும்போது கரகரத்தால் உள்ளே தூசு. சுத்தம் செய்தால் சரியாகும். கேபிளை அசைத்தால் சத்தம் போய்ப் போய் வந்தால் துளையில் கோளாறு. விலையில் கொஞ்சம் தள்ளிக் கேட்கலாம். ஸ்பீக்கர் காகிதம் கிழிந்திருந்தால் வேண்டாம். புனேயின் நாலு மாத மழையைப் பால்கனியில் கழித்த ஆம்பை அதன் பின்பக்கத் திருகாணிகளின் துருவே காட்டிக்கொடுத்துவிடும்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மலிவாகக் கிடைத்தது என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தால், முதலில் அதன் முதுகைப் பார்க்க வேண்டும். 100–240 வோல்ட் என்று அடாப்டரில் அச்சிட்டிருந்தால் கவலையில்லை, பிளக்கை மாற்றினால் போதும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் மின்சாரம் அதைக் கண் இமைக்கும் நேரத்தில் கருக்கிவிடும். இடையில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் விலையையும், விமானத்தில் கூடுதல் எடைக்குக் கட்டிய பணத்தையும் சேர்த்துக் கூட்டினால், புனே கடையிலேயே வாங்கியிருக்கலாம் என்று அண்ணனுக்கே தோன்றும்.