பெரிய மீனில் பெருகும் பாதரசம்

கடல்மீனின் தசையில் சேரும் பாதரசத்தில் பெரும்பகுதி அது தின்ற இரையிலிருந்து வருவது; செவுள் வழியாக நீரிலிருந்து ஏறுவது சொற்பம். நிலக்கரிப் புகையாலும் ஆலைக் கழிவாலும் கடலுக்கு வரும் பாதரசத்தைச் சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. அது மிதவை உயிரிகளுக்குப் போய், அவற்றைத் தின்னும் சாளைக்கும் நெத்திலிக்கும் வந்து, கடைசியில் சூரையிலும் சுறாவிலும் குவிகிறது. உடலை விட்டு அது மிக மெதுவாகவே நீங்கும் என்பதால் வயது ஏற ஏற அளவும் கூடும். பாதிக்கப்பட்ட மீன் இரை தேடுவதிலும் இனப்பெருக்கத்திலும் தடுமாறுகிறது. டிடிடி, பிசிபி போன்ற நச்சு வேதிப்பொருள்களோ கொழுப்பிலும் ஈரலிலும் தங்குபவை.

தென்காசி மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. ஆனால் குற்றாலத்தில் இறங்கும் சிற்றாறு சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. அருவிக்கரையில் வீசப்படும் ஷாம்பு உறைக்கும் அதே வழிதான்.

மீன் என்றதும் இப்பகுதியில் பலருக்கு, அது கெடாமலிருக்கக் கலக்கும் ஃபார்மலின்தான் நினைவுக்கு வரும். 2018 ஜூனில் ஆரியங்காவு சோதனைச் சாவடியில் கேரள அதிகாரிகள் ஃபார்மலின் கலந்த மீனைப் பறிமுதல் செய்தனர். ஃபார்மலின், பிடித்த மீனில் மனிதர் கலப்பது. பாதரசமோ மீன் உயிரோடிருக்கும்போதே தசைப் புரதத்தில் ஒட்டிக்கொள்வது. செவுள் சிவப்பாக இருப்பது மீன் புதிது என்பதை மட்டுமே காட்டும். மஞ்சள் தடவிக் கழுவினாலும் குழம்பில் கொதிக்கவைத்தாலும் பாதரசம் போகாது. தோலையும் கொழுப்பையும் ஈரலையும் நீக்கினால் டிடிடி, பிசிபி ஓரளவு குறையும்.

பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுப்பது நம் வழக்கம். இதை மறுபடி யோசிக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்கச் சொல்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் வெளிப்பட்ட பாதரச நோயில், பெரிதாக அறிகுறி இல்லாத தாய்மாருக்கும் மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தன. மீனையே விட வேண்டியதில்லை. சாளையும் நெத்திலியும் சத்தில் குறைந்தவை அல்ல, விலையும் மலிவு.

இந்திய விதிப்படி, கிலோவுக்குப் பாதரசம் சாதாரண மீனில் 0.5 மில்லிகிராமையும், சூரை, சுறா போன்ற வேட்டை மீனில் 1 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40-ன்படி, வாங்குபவரே கட்டணம் செலுத்தி மீனை அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். அந்த எண்ணத்தை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். விதிமீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பகுப்பாய்வுக் கூடம் பாளையங்கோட்டையில் உள்ளது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் புகார் தரலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டாண்டு அவகாசம் உண்டு. ஆனால் பல வருடமாகச் சிறுகச் சிறுக உடலில் சேர்ந்ததற்கு எந்த ஒரு கடைக்காரரையும் பொறுப்பாக்க முடியாது. சட்டம் பிடிப்பது கையிலிருக்கும் மாதிரியை மட்டுமே.