ஜப்பானில் ஆசிரியப் பணி

பொன்முடி மலையடியிலுள்ள கல்லாறு என் ஊர். டோக்கியோவில் படித்துக்கொண்டே ஆசிரியப் பணி தேடுகிறேன். இங்கு ஆங்கிலம் கற்பிக்க ஆங்கிலேயனாய்ப் பிறந்திருக்க வேண்டுமா என்று பலர் கேட்கின்றனர். வேண்டியதில்லை, விசாவின் வகையை அறிந்திருத்தல் வேண்டும்.

பள்ளிகளில் மொழி கற்பிக்கப் போதகர் விசா தேவை. அதற்குப் பட்டம் மட்டும் போதாது. 12 ஆண்டுகளேனும் அம்மொழி வழியே பயின்றிருக்க வேண்டும். நானோ பத்தாம் வகுப்புவரை தாய்மொழியில் படித்தவன். ஆகவே தனியார் உரையாடல் பள்ளிகளையே நாடுகிறேன். அவற்றுக்கு வேறு விசா, பட்டமே போதும்.

மாணவர் அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் உழைக்கலாம். பட்டம் பெற்றபின் வேலை தேடத் தங்குவதற்கு ஆறு மாதம் தருவர், ஒருமுறை நீட்டிக்கலாம். அதற்குள் பணி கிடைக்காவிடில் ஊர் திரும்ப வேண்டியதுதான்! கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், முந்தின ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே முயல்வது நலம்.

வர எண்ணுவோர் பட்டச் சான்றோடு, பயிற்றுமொழியைக் குறிக்கும் பள்ளிச் சான்றையும் கையோடு வாங்கி வாருங்கள். கடல் கடந்தபின் அதனைப் பெறுதல் எளிதன்று.