விற்பவரின் அறியாமை நமது இலாபமா?

திம்புள்ளயில் கடை நடத்தும் எமக்குத் தோட்டத்து மக்களே பெரும்பாலான வாடிக்கையாளர்கள். சில மாதங்களுக்கு முன்னர் வயதான ஒருவர் வந்து, கைலேஞ்சியில் சுற்றியிருந்த ஒரு சிறு பொருளை மேசையில் வைத்தார்.

"முதலாளி, எங்க அப்பா பங்களாவுல அப்புவா இருந்தாரு. எழுபத்தஞ்சுல தோட்டத்த அரசாங்கம் எடுத்தப்போ, தொரை சீமைக்குப் போகையில குடுத்துட்டுப் போனது. பேத்தி படிப்புக்கு அவசரமா காசு வேணும். ஐயாயிரம் குடுத்தா போதும்" என்றார்.

விரல் நீளமே உள்ள கற்குப்பி. சாம்பல் நிறக் கல்லில் இருந்த பழுப்புத் திட்டையே குரங்காகவும் மரமாகவும் செதுக்கியிருந்தார்கள். மூடியைத் திறந்தால் அதனோடு ஒட்டிய சிறு கரண்டி. அதைக் கண்டதும் விளங்கியது, இது சீனத்து மூக்குப்பொடிக் குப்பி.

புகையிலைப் பொடியைச் சீனாவுக்குக் கொண்டு சென்றவர்கள் ஐரோப்பியர். அவர்கள் பெட்டியிலும், நம்மவர்கள் மட்டையிலும் டப்பாவிலும் பொடியை வைத்தார்கள். ஈரக்காற்றுப் பட்டால் பொடி கட்டியாகிவிடும் என்பதால், சீனர்கள் தக்கை பொருத்திய குப்பியைத் தேர்ந்தார்கள். திம்புள்ள மழையை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். 1696இல் காங்சி பேரரசர் அரண்மனையிலேயே கண்ணாடிப் பட்டறை அமைத்தார். கண்ணாடி, பீங்கான், ஜேட், அகேட், படிகம் எனப் பலவற்றிலும் குப்பிகள் செய்யப்பட்டன. 1912இல் மன்னராட்சி முடிந்த பின் பொடிப் பழக்கம் அருகியது. குப்பிகள் சேகரிப்போரின் பொருளாயின. 2010 முதல் 2015 வரை ஹொங்கொங்கில் ஒரே குடும்பத்தின் 1,700க்கும் மேற்பட்ட குப்பிகள் பொன்ஹம்ஸ் நிறுவனத்தால் ஏலத்தில் விற்கப்பட்டன.

எனக்குக் கல் தெரியாது. எனவே குப்பியை அமானிதமாகப் பெற்றுக்கொண்டு, பேருவளை சீனன்கோட்டையில் மாணிக்கக்கல் வியாபாரம் செய்யும் நண்பரிடம் கொண்டு போனேன். அவர் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நானா, இது ஜேட் இல்ல. அகேட். ஆனா வேலை நல்ல வேலை."

அவர் கற்றுத் தந்தவை நமது வியாபாரிகளுக்கும் உதவும். அகேட்டில் கத்தி கீறல் போடாது, மாக்கல்லில் எளிதில் போடும். ஆனால் பிறர் பொருளில் இதைச் சோதித்துப் பார்க்கக் கூடாது. கண்ணாடியாயின் உள்ளே காற்றுக் குமிழிகள் தென்படலாம். முக்கியமாகக் குப்பியின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். சிறிய வாய் வழியாக வளைந்த கருவியை நுழைத்து, அரைக்கும் தூளிட்டு, தோள் பகுதி வரை குடைவது பெரும் உழைப்பு. மிக மெல்லியதாகக் குடைந்த அகேட் குப்பிகள் தண்ணீரில் மிதக்கும். உல்லாசப் பிரயாணிகளுக்காகச் செய்யப்படும் மலிவான புதுக் குப்பிகளிலோ நடுவில் நேரான துளை மட்டுமே இருக்கும். ஆயினும் வயதை நிச்சயிக்க அத்துறை அறிந்தவரே வேண்டும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டப்படி, பழமையான கலாசாரப் பொருட்களைத் தொல்பொருள் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரமின்றி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கரண்டி யானைத் தந்தமாயின் அதற்கு வேறு கட்டுப்பாடுகளும் உண்டு.

திரும்பி வந்து பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ நீங்க வாங்கலையா முதலாளி?" என்று முகம் வாடிக் கேட்டார். "இதன் பெறுமதி எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாமல் விலை பேசினால் இருவரில் ஒருவர் ஏமாறுவோம்" என்றேன். ஐயாயிரத்தைக் கடனாகக் கொடுத்து, குப்பியை அவர் கையிலேயே ஒப்படைத்தேன். கழுவவோ மெருகேற்றவோ வேண்டாம், மூடியைத் தொலைக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன்.

உண்மையைச் சொன்னால், முதல் நாளே ஐயாயிரத்தை நீட்டிவிடலாம் என்ற எண்ணம் எனக்கும் வந்தது. அன்று வாங்கியிருந்தால் இலாபம் கிடைத்திருக்கலாம். ஆனால் ஒரு நாள் அவர் விசாரித்து அறிந்தால், அந்தத் தோட்டத்திலிருந்து ஒருவரும் என் கடைப்படி ஏறமாட்டார். கடன் மாதாமாதம் சிறிது சிறிதாகத் திரும்பி வருகிறது. வருபவர்களும் பழையபடி வருகிறார்கள்.