முகப்பு வரை வந்த பிரஷர் கருவி

ஒரு தலைமுறைக்கு முன், செட்டிநாட்டில் பலருக்கும் பிரஷர் இருப்பது படுக்கையில் விழுந்த பிறகுதான் தெரியும். வாய் கோணி, ஒரு பக்கம் கைகால் வராமல் போன பிறகு காரைக்குடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதுவரை தலைசுற்றலுக்குப் பித்தம் என்று பெயர். டாக்டர் மேஜைப் பெட்டியில் பாதரசம் ஏறி இறங்குவதை அவர் மட்டுமே பார்ப்பார். “கொஞ்சம் கூட இருக்கு ஆச்சி, உப்பைக் குறைங்க” என்பதோடு சரி.

மருத்துவ உலகமே இதில் மெதுவாகத்தான் விழித்துக்கொண்டது. கையில் பட்டை கட்டி அளக்கும் முறையை இத்தாலியின் ரிவா-ரோச்சி 1896இல் தந்தார். ஸ்டெதஸ்கோப் வைத்து ஒலி கேட்கும் வழியை ரஷ்யாவின் கொரட்காஃப் 1905இல் சொன்னார். அளக்கத் தெரிந்த பின்னும், வயதானால் அழுத்தம் கூடத்தான் செய்யும் என்று பல மருத்துவர்கள் விட்டுவிட்டார்கள். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளை ரத்தக்கசிவில் இறந்தபோது அவருடைய அழுத்தம் 300/190. குறைக்க நல்ல மாத்திரை அவருக்கே கிடையாது.

நிலைமை மாறியதில் சிவகங்கைச் சீமைக்குத் தனிப் பங்குண்டு. உலக வங்கி உதவியோடு மாநில அரசு, ரத்த அழுத்தத்தை முன்கூட்டியே கண்டறியும் மாதிரித் திட்டத்தை 2007 வாக்கில் தொடங்கியது சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில்தான். 2012 முதல் அது மற்ற மாவட்டங்களுக்கும் போனது. 2021 ஆகஸ்ட் 5இல் வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்தது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிக்கு, கருவியும் மாத்திரையும் கொண்டு முகப்பு வரை வரும் பெண் தன்னார்வலர் பெரிய துணை.

கருவி வந்த வேகத்தில் அளக்கும் பக்குவம் வரவில்லை. அடுப்படியிலிருந்து எழுந்து வந்த கையோடு, திண்ணையில் கால் தொங்க, ஊர்க்கதை பேசிக்கொண்டே அளந்தால் எண் கூடத்தான் காட்டும். காபி குடித்து அரை மணியாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் தாங்கலாக இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளப்பது நல்லது. வெவ்வேறு நாட்களிலும் 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டிலும் கணக்குத் தப்புகிறது. நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் குறைத்த உப்பு, உப்புக்கண்டத்திலும் மோர்மிளகாயிலும் அப்பளத்திலும் திரும்ப உள்ளே போய்விடுகிறது.

இப்போது எண்ணைப் பிள்ளைகளுக்குப் போனில் சொல்லும் ஆச்சிகள் உண்டு. 130/80 வந்ததும் “நார்மலாயிருச்சு” என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. அந்த எண் மாத்திரை தந்தது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் அழுத்தம் பழையபடி ஏறும். ஏறுவது உடம்புக்குத் தெரியாது.