இறங்க முடியாத தீவு

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரையில் நியூ ஹார்பர் என்றொரு சிறு துறைமுகம் இருக்கிறது. கோடையில் அங்கிருந்து கிளம்பும் சுற்றுலாப் படகு ஈஸ்டர்ன் எக் ராக் தீவை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். பயணிகள் யாருக்கும் தீவில் காலடி வைக்க அனுமதியில்லை. பஃபின் பறவையைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்கள் அதைப் பென்குயின் அளவுக்குக் கற்பனை செய்துகொண்டு வருவார்கள்; நேரில் அது ஏறத்தாழப் புறா அளவு, அவ்வளவுதான். இவ்வளவு சிறிய பறவையைத் தொலைநோக்கியில் காட்டி அனுப்பிவிடுகிறார்களே என்ற குறை நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பறவைக் கூட்டம் ஒன்றை மக்களுக்குக் காட்ட இதைவிட நேர்மையான வழி கிடையாது என்பதே என் கருத்து. காரணம் அந்தத் தீவின் வரலாற்றில் இருக்கிறது.

ஏழு ஏக்கர் பாறைத் திட்டு அது. இறைச்சிக்கும் முட்டைக்கும் இறகுக்குமாக வேட்டையாடியே 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அங்கிருந்த பஃபின்களை மனிதர்கள் ஒழித்துவிட்டார்கள். 1973இல் ஸ்டீபன் கிரெஸ் என்ற இளம் பறவையியலாளர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து, செயற்கை வளைகளில் வைத்து, மீன் போட்டு வளர்த்தார். 1986 வரை இப்படி வந்த குஞ்சுகள் 950க்கும் மேல். கடலுக்குப் போன பஃபின் இரண்டு மூன்று ஆண்டுகள் கரைக்கே வராது. வளர்ந்த இடத்தை நினைவில் வைத்துத் திரும்புமா என்பது யாருக்கும் தெரியாது. தனியாக வந்திறங்கப் பறவை தயங்கும் என்பதால் பாறைகளில் மரத்தால் செய்த பஃபின் பொம்மைகளை நிறுத்தினார்கள். 1977இல் முதல் பறவை திரும்பியது. 1981 ஜூலை 4 அன்று ஒரு பஃபின் அலகு நிறைய மீனோடு பாறை இடுக்குக்குள் நுழைந்தது. உள்ளே குஞ்சு இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2019இல் அங்கே 188 ஜோடிகள் இருந்தன.

மனிதன் கொண்டுவந்து வைத்த கூட்டத்தை இயற்கை என்று காட்டுவது ஏமாற்று அல்லவா என்று கேட்கலாம். படகில் வரும் வழிகாட்டி மறைத்தால்தான் அது ஏமாற்று. அவர் குஞ்சுகள் வந்த கதையைச் சொல்கிறார்; கோடை முழுவதும் தீவில் தங்கிக் காவல் காக்கும் இளைஞர்களின் குடிலையும் காட்டுகிறார். அவர்கள் இல்லாவிட்டால் கடற்காகங்கள் தீவைப் பிடித்துக்கொள்ளும். அழித்த கையே கட்டிக் காக்கவும் வேண்டியிருக்கிறது என்பதைப் பயணிகள் கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. வேல்ஸின் ஸ்கோமர் தீவில் மக்கள் இறங்கி நடக்கிறார்கள், பஃபின்கள் காலருகிலேயே ஓடுகின்றன. இதே மெய்ன் வளைகுடாவின் மக்கையாஸ் சீல் தீவில் சிலரை மட்டும் இறக்கி மரக் கூண்டுக்குள் உட்கார வைத்துக் காட்டுகிறார்கள். இங்கே மட்டும் ஏன் கூடாது? ஸ்கோமர் பெரிய தீவு, நடைபாதையை விட்டு விலகாதவரை பறவைக்குத் தொல்லை குறைவு. மக்கையாஸ் சீல் கூட்டமோ தானே தப்பிப் பிழைத்தது, ஆயிரக்கணக்கில் இருப்பது. எக் ராக்கில் இடமும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. அங்கே பஃபின்களுக்கு அரணாக இருப்பவை ஆலாக்கள். வெட்டவெளித் தரையில் முட்டையிட்டு, நெருங்கும் கடற்காகத்தைக் கூட்டமாகப் பாய்ந்து விரட்டுபவை. மனிதர் நடந்தால் ஆலா எழும்பும். அது எழும்பிய நேரத்தில் முட்டை வெயிலிலும் பகையிலும் கிடக்கும். ஆலா கைவிட்டால் பஃபினுக்கும் பாதுகாப்பில்லை. படகேகூட அளவோடு நெருங்கினால்தான் சரி. பறவைகள் கலைந்தால் விலகிவிட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இன்னொன்றும் கேட்பார்கள்: டீசல் புகை விட்டுக்கொண்டு போய்ப் பார்ப்பது எந்த வகை அக்கறை? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. உலகப் பெருங்கடல்களின் பெரும்பாலான பகுதிகளைவிட மெய்ன் வளைகுடா வேகமாகச் சூடாகிறது. வெப்ப அலை அடித்த 2012இல் குஞ்சுகளுக்கு ஏற்ற ஒல்லியான மீன்கள் குறைந்தன. தாயும் தந்தையும் பட்டர்ஃபிஷ் என்ற மீனைக் கொண்டுவந்தன. நம் சந்தை வாவல் மீன்போல அகன்ற உடல் அதற்கு. குஞ்சு விழுங்கப் பார்க்கும், தொண்டையில் இறங்காது, மீண்டும் பார்க்கும். வளைக்குள் தொடாத மீன்கள் குவிந்து கிடக்க, அருகிலேயே பசியில் செத்த குஞ்சுகளை ஆய்வாளர்கள் கண்டார்கள். பலரை ஒரே படகில் ஏற்றிச் செல்வதால் புகைக்கணக்கு சரியாகிவிடாது. ஆனால் கடற்காகங்களைத் தடுப்பதுபோல இந்தச் சூட்டைத் தீவுக்காவலர்களால் தடுக்க முடியாது; அது வாக்குச்சீட்டும் எரிபொருளும் கையில் உள்ளவர்களின் வேலை, அவர்கள்தான் படகில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே பொம்மைகளின் வெற்றிக்கதையோடு வழிகாட்டி நிறுத்திக்கொள்ளக் கூடாது. வளைக்குள் கிடந்த அந்த அகன்ற மீன்களைப் பற்றியும், படகு தீவைச் சுற்றும்போதே, அவர் சொல்லியாக வேண்டும்.