தோலில் எண்ணெய் பூசுதல்

தோலில் எண்ணெய் பூசுதல் என்பது தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், நெய் முதலிய இயற்கைக் கொழுப்புகளை உடலின் மேல் தேய்க்கும் வழக்கம் ஆகும். இது தோல் வறள்வதைத் தடுக்கும் என்றும், வெயிலால் வரும் கருமையையும் சுருக்கத்தையும் தள்ளிப்போடும் என்றும் தமிழ்நாட்டில் பரவலாக நம்பப்படுகிறது. முதல் நம்பிக்கைக்குச் சான்று உண்டு. இரண்டாவதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. நாள்தோறும் வெயிலில் உழைப்போருக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. விழுப்புரம் மாவட்டக் கடற்கரை ஊரான மரக்காணத்தின் உப்பளங்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு ஆகும்.

உப்பளச் சூழல்

மரக்காணம் ஏறத்தாழ 12.2 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ளது. ஆகவே ஏப்ரல் 22, ஆகஸ்ட் 20 ஆகிய நாட்களை ஒட்டி நண்பகலில் சூரியன் அங்கு நேர் உச்சியில் நிற்கும். மழையற்ற மாதங்களிலேயே உப்பு விளைவதால் இவ்விரு காலங்களும் பெரும்பாலும் உப்புப் பருவத்துக்குள் அடங்கிவிடுகின்றன. கோடை நண்பகலில் புற ஊதாச் சுட்டெண் 11ஐத் தாண்டுவது இப்பகுதிகளில் இயல்பு. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இது மிக உயர்ந்த படி. வெண்ணிற உப்பு ஒளியை மேல்நோக்கித் திருப்புவதால், தலையில் துண்டு கட்டியிருந்தாலும் முகவாயும் கண்களும் கீழிருந்து வரும் கதிர்களுக்கு ஆளாகின்றன.

வெயிலோடு உவர்நீரும் சேர்கிறது. கடல்நீரில் சுமார் 3.5 விழுக்காடு உப்பு உள்ளது. பாத்தியில் உப்பு படியத் தொடங்கும்போது நீரின் அடர்த்தி ஏறத்தாழ 25 பாகை போமே அளவை எட்டுகிறது. இந்நீரில் நெடுநேரம் நிற்கும் கால்களின் தோல் ஈரத்தை இழந்து, வறண்டு வெடிக்கிறது.

கொழுப்பு செய்வது

தோலின் வெளியடுக்கில் இறந்த உயிரணுக்கள் செங்கற்களைப் போல அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கிடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சாந்து போல நிறைந்து, உடலின் நீர் ஆவியாவதைக் கட்டுப்படுத்துகின்றன. இந்தச் சாந்து குறையும்போது மேலே பூசப்படும் எண்ணெய் ஓரளவு அவ்வேலையைச் செய்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில் தோல் வறட்சி உடைய 34 பேரிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெய்க்கு இணையாகப் பயன் தந்தது.

எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. ஒலியிக் அமிலம் மிகுந்த ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்பைத் தளர்த்துவதாகவும், லினோலியிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெய் அதைக் குலைப்பதில்லை என்றும் 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. விலை கூடிய எண்ணெய் நல்ல எண்ணெயாக இருக்கவேண்டும் என்பதில்லை.

வெயிலும் எண்ணெயும்

வெயிலால் வரும் முதுமைக்கு முதன்மைக் காரணம் புற ஊதாக் கதிர்கள். இவற்றுள் பி வகை (280-315 நானோமீட்டர்) மேல்தோலைச் சுட்டு மரபணுப் பொருளைச் சிதைக்கிறது. ஏ வகை (315-400 நானோமீட்டர்) அடித்தோல் வரை சென்று கொலாஜன் இழைகள் அழியக் காரணமாகிறது. கருநிறத் தோலில் உள்ள மெலனின் ஓரளவு காப்பளிப்பதால் தோல் புற்றுநோய் குறைவே. ஆயினும் கருந்திட்டுகளும் தடிப்பும் சுருக்கமும் வராமல் போவதில்லை.

தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். நிறைவுற்ற அமிலமான அதில் இக்கதிர்களை உறிஞ்சத்தக்க இரட்டைப் பிணைப்புத் தொடர் இல்லை. எனினும் இவ்வெண்ணெயின் சூரியக் காப்பு எண் 8 என்று பலவிடங்களில் எழுதப்படுகிறது. இதற்கு மூலம் இந்திய ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஒரு கட்டுரை. அதில் எண்ணெயை ஆல்ககாலில் கரைத்து, கருவியால் ஒளி உறிஞ்சலை அளந்தனர். மனிதத் தோலில் சோதிக்கவில்லை. முறையான சோதனையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் தோலில் பூசி, தோல் சிவக்கத் தேவையான கதிர் அளவு அளக்கப்படும். ஆய்வகக் குடுவையின் எண்ணை உப்பளத்து முதுகுக்குப் பொருத்துவது தவறு.

இதற்கு எதிரான விளைவும் அறியப்பட்டுள்ளது. வறண்ட, செதிலான தோல் ஒளியைச் சிதறடிக்கும். எண்ணெய் பட்ட தாளில் மறுபக்க எழுத்து தெரிவது போல, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு அச்சிதறலைக் குறைத்துக் கதிரை உள்ளே விடும். காளாஞ்சகப்படை நோய்க்குப் புற ஊதா ஒளி மருத்துவம் செய்யுமுன் எண்ணெய் பூசும் முறை இதனாலேயே உள்ளது.

முதுமையைத் தள்ளிப்போடுவதற்கு வலுவான சான்று வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் 1992 முதல் 1996 வரை 55 வயதுக்குட்பட்ட 903 பேரிடம் சோதனை நடந்தது. நாள்தோறும் வெயில்காப்புக் களிம்பு பூசியோரின் தோல் முதுமை, விருப்பம்போல் பூசியோரைவிட 24 விழுக்காடு குறைவாக இருந்ததாக 2013இல் அறிவிக்கப்பட்டது.

களிம்பு வியர்வையில் கரையும், மீண்டும் மீண்டும் பூச வேண்டும், விலையும் உண்டு. உப்பளங்களில் பெண்கள் சேலையின் மேல் முழுக்கைச் சட்டை அணிவதும், வெயில் ஏறுமுன் வேலையைத் தொடங்குவதும் இக்குறைகள் அற்ற காப்பு முறைகள். நெருக்கமாக நெய்த துணி ஏ, பி ஆகிய இரு வகைக் கதிர்களையும் தடுக்கும். முகத்துக்குத் துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பு ஏற்றது. எண்ணெய்க்கு உரிய நேரம் மாலை: உப்பை நன்னீரில் கழுவியபின், தோலில் ஈரம் சற்று இருக்கும்போதே பூசினால் வெடிப்புகள் ஆறுவதற்குத் துணையாகும்.